சமன் செய்யாத மணல்

சிம்பாங் அம்பாட்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள தாட்சாயினிக்கு,

நலம்தானே. உன் முகவரியை நிலானியிடம் வாங்கினேன். மகளைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று முறை மறுத்துவிட்டு நான்காவது முறைதான் கொடுத்தாள், அதுவும் "அப்பா, அம்மாவோட போன் நம்பர் மட்டும் கேக்காதீங்க" என்ற கட்டளையோடு. அதனால்தான் கடிதம். பேனா பிடித்து எத்தனை வருடமாயிற்று என்று விரல்களுக்குத் தெரிகிறது.

கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் பழையபடிதான். தொழிற்சாலையில் இன்னும் இரண்டு வருடம், பிறகு ஓய்வு. கொலஸ்ட்ரால் கொஞ்சம் இருக்கிறது. நீ நட்டுவிட்டுப் போன ரம்புத்தான் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. பறிக்க ஆள் இல்லாமல் வௌவால்கள் தின்றன.

உனக்குச் சுற்றி வளைத்தால் பிடிக்காது. விஷயத்துக்கு வருகிறேன். கோல்ஃப் கிளப்புக்கு அடுத்த கேப்டனாக என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை பதவியேற்பு. இருபத்தைந்து வருடமாக அங்கே இருக்கிறேன். எனக்கு வேறு எதுவும் பெரிதாக அமையவில்லை.

வழக்கம் உனக்கு நினைவிருக்கும். புதுக் கேப்டன் பதினெட்டாவது குழியின் வலப்பக்க மணற்பள்ளத்தில், அந்தப் பங்கரில், இறங்க வேண்டும். எல்லோரும் தட்டும் கையுமாக வராந்தாவில் நின்று பார்க்க, மணலில் கிடக்கும் பந்தை ஒரே அடியில் மேலே குழி இருக்கும் கிரீன் புல்தரைக்கு எடுக்க வேண்டும். தவறினால் குழந்தைகள் கடற்கரையில் விளையாடுகிற பிளாஸ்டிக் வாளியில் அவர் பெயரை எழுதி பாரில் தொங்கவிடுவார்கள். இப்போதைய கேப்டன் மோகனராஜுக்கு நான்கு அடி தேவைப்பட்டது. அவருடைய மஞ்சள் வாளி இரண்டு வருடமாகத் தொங்குகிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சிவா, உனக்குப் பச்சக் கலர் வாங்கி வெச்சிட்டேன் லா" என்கிறார்.

பந்து மணலில் விழுந்தால் எனக்கு எடுக்க வராது. ஒன்று பந்தின் தலையில் தட்டி எதிர்க்கரையில் புதைக்கிறேன், அல்லது ஒரு கூடை மணலை அள்ளிவிட்டுப் பந்தை அங்கேயே விட்டுவிடுகிறேன். மூன்று பயிற்சியாளர்களிடம் போயாயிற்று. எனக்குத் தெரிந்து மணலிலிருந்து அடிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். பல்கலைக்கழகத்தில் மண்ணையும் மணலையும் பற்றியே பாடம் எடுப்பவள் வேறு.

நான்கு வரி எழுதினால் போதும். பழையதை மனதில் வைத்திருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில்,

என்றும் அன்புடன்,
சிவகரன்


கெலுகோர்
9 செப்டம்பர் 2024

சிவகரன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. பழையதை மனதில் வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் வசதி.

அந்தப் பங்கரில் நான் கடைசியாக நின்றது 2009 செப்டம்பர் 13, பெண்கள் சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில். உடன் விளையாடிய ரோஹானாவைவிட ஒரு அடி குறைவாக அடித்து முன்னிலையில் இருந்தேன். மணலிலிருந்து நான் எடுத்த பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கிரீனின் எதிர்ப்புறம் நின்ற ரோஹானா கூப்பிட்டார்: "தாட்சா, மட்டைய பின்னால எடுக்கறப்ப மணல்ல உரசின மாதிரி இருந்துச்சே. எனக்குச் சரியாத் தெரியல. மணலப் பாத்துடலாமா?"

அவர் கேட்டதில் தவறில்லை. பந்தை அடிப்பதற்கு முன் மட்டை மணலைத் தொட்டால் தண்டனையாக அடிக்கணக்கில் இரண்டு கூடும். யாரும் கேட்கலாம். உரசியிருந்தால் பந்து கிடந்த இடத்துக்கு ஒரு முழம் பின்னால் கோடு இருக்கும். உரசவில்லை என்று எனக்குத் தெரியும். "வாங்க, பாத்துடலாம்" என்று அவரோடு நடந்து வந்தேன். நாங்கள் விளிம்புக்கு வந்தபோது, அன்று எனக்குக் கேடியாகப் பை தூக்கி வந்த என் கணவர், மணலைச் சமன் செய்கிற ரேக்கால் கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பார்க்க எதுவும் மிச்சமில்லை. ரோஹானா உங்களிடம், "சிவா, நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. நீங்க சொல்றத நான் ஏத்துக்கறேன்" என்றார்.

நீங்கள், "தொட்டுச்சு" என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லில் நான் ஒரு அடி பின்னால் போனேன். சாப்பாட்டுக் கூடத்துத் தேக்குப் பலகையில் 2009க்கு எதிரே தங்க எழுத்தில் ரோஹானாவின் பெயர் இருக்கிறது. என்னைப் பற்றிப் பலகையில் எதுவும் இல்லை. ஆனால் பேச்சில் உண்டு: ஏமாற்றப் பார்த்துப் பிடிபட்டவள்.

சொல்லித் தருகிறேன். ஒரு பாடத்துக்கு ஒரு பதில். அன்றைய நாளைப் பற்றி நான் கேட்பதற்கு உங்கள் கையெழுத்தில் பதில் வர வேண்டும். பதில் சரியில்லையென்றால் அடுத்த பாடம் கிடையாது.

முதல் பாடம். பந்து வேண்டாம். பயிற்சிப் பங்கரில் குச்சியால் நீளமாக ஒரு கோடு இழுங்கள். கோடு இரு பாதங்களுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். பாதங்களைத் திருகி ஒரு அங்குலம் மணலுக்குள் ஊன்றுங்கள். மணலுக்கான சாண்ட் வெட்ஜ் மட்டையால் அந்தக் கோட்டை அடியுங்கள். பக்கவாட்டில் ஒரு எட்டு நகர்ந்து மறுபடியும். ஐம்பது முறை. கோல்ஃபில் பந்தை அடிக்கக் கூடாத இடம் பங்கர் ஒன்றுதான். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடிக்கிறோம். மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகிறது.

முடித்ததும் ரேக்கைத் தொடாதீர்கள். பள்ளங்கள் கோட்டுக்கு முன்னால் விழுந்தனவா பின்னாலா என்று நின்று பார்த்து எழுதுங்கள். பிறகு சமன் செய்யலாம்.

கேள்வி: அன்று ஏன் அவ்வளவு அவசரமாக ரேக்கை எடுத்தீர்கள்?

தாட்சாயினி


சிம்பாங் அம்பாட்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள தாட்சா,

உள்ளே இருந்தது எதுவானாலும், உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம்தான்.

ஐம்பது முறை அடித்தேன். பள்ளங்கள் எல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால், கோழி கிளறியதுபோல வரிசையாக. மோகனராஜ் வந்து இடுப்பில் கை வைத்து நின்று, "என்ன சிவா, கச்சான் கடலை பயிர் போடறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முதுகு இரண்டு நாள் வலித்தது. மருந்து தடவ ஆள் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மணலைச் சமன் செய்வது கேடியின் கடமை. அதைத்தான் செய்தேன். ரோஹானா கூப்பிட்டது என் காதில் விழவில்லை. மட்டை தொட்டதுபோல இருந்தது, கேட்டார்கள், சொன்னேன். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னதற்காக ஒருவனை இத்தனை வருடம் தள்ளிவைப்பது நியாயமா என்று நீதான் யோசிக்க வேண்டும்.

அடுத்த பாடத்தை அனுப்பு. நாட்கள் ஓடுகின்றன.

அன்புடன்,
சிவகரன்


கெலுகோர்
27 செப்டம்பர் 2024

சிவகரன் அவர்களுக்கு,

பதில் சரியில்லை.

அதற்கு முன் ஆறு போட்டிகளில் என் பையைத் தூக்கி வந்தீர்கள். ஆறிலும் பங்கர்களை நானேதான் சமன் செய்தேன். கொசு கடிக்கிறது என்று நீங்கள் மேலேயே நிற்பீர்கள். பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். குடித்த டீக் கோப்பையை நீங்கள் கழுவி நான் பார்த்ததில்லை. அன்று மட்டும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, ஒரு கோடு பிசகாமல் இழுத்திருந்தீர்கள். கேடியின் கடமை என்று நீங்கள் எழுதிய இடத்தில் சிரித்தேன். உங்கள் கடிதத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

அரைப் பதிலுக்கு அரைப் பாடம். பள்ளம் பின்னால் விழுவது, உடலின் பாரம் உங்கள் வலது காலில் தொங்குவதால். இடது காலில் பாரத்தை வையுங்கள், அடித்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். பந்து இடது குதிகாலுக்கு நேரே. மட்டையின் முகத்தை வானத்தைப் பார்க்கும்படி திறந்து, அதன்மேல் ஒரு டம்ளர் வைக்கலாம் என்னும் அளவுக்குத் திறந்து, அதன் பிறகு கையால் பிடியுங்கள். முதலில் பிடித்துவிட்டு மணிக்கட்டைத் திருப்பினால் அடிக்கும்போது அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இப்படிச் செய்தால் மணல் வெளியே வரும். பந்து வராது. ஏன் வராது என்று எனக்குத் தெரியும், உங்கள் கைகளை அத்தனை வருடம் பார்த்தவள். பதில் வந்த பிறகு எழுதுகிறேன்.

கேள்வி அதேதான்.

தாட்சாயினி


சிம்பாங் அம்பாட்
14 அக்டோபர் 2024

அன்புள்ள தாட்சா,

இரண்டு வாரமாக மழை. மணல் சிமெண்டுபோல இறுகிவிட்டது. நீ சொன்னபடி முகத்தைத் திறந்து அடித்தேன். மட்டை மணலில் மோதித் தெறித்தது, பந்து கிரீனையும் தாண்டிப் பறந்து நிறுத்தி வைத்திருந்த பக்கி வண்டியின் கூரையில் விழுந்தது. மோகனராஜ் பச்சை வாளியை எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் என் பெயரில் பாதியை எழுதினார். "சிவ மட்டும் போட்டிருக்கேன். மீதிய அன்னைக்கு எழுதிக்கலாம் லா."

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வாளியைக் கண்டு பயப்படுகிறேன். சிரித்துக்கொள்.

சரி, எழுதிவிடுகிறேன்.

ரோஹானா கூப்பிட்டது கேட்டது. நான் குனிந்து பார்த்தேன். விடியற்காலையில் பெய்த மழையின் புள்ளிகள் மணலில் அப்படியே இருந்தன. பந்து கிடந்த இடத்துக்குப் பின்னால் ஒன்றுகூடக் கலையவில்லை. நீ அடித்த பள்ளம் ஒரு தட்டு அளவு, சுத்தமாக. மட்டை வேறு எங்கும் தொடவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் ரேக்கை எடுத்தேன்.

ஏன் என்று கேட்பாய். முந்தின நாள் சாயங்காலம் பாரில் யாரோ, "தாட்சாவோட கேடி வந்தாச்சு, கேடிங்களெல்லாம் பின்பக்கம் நின்னுதான் டீ குடிக்கணும்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாள் அந்த மணலைப் பார்த்தபோது, நீ தோற்றால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடம்தான். அதற்குள் கை செய்துவிட்டது. செய்த பிறகு அந்தச் சொல்லையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகு திரும்ப எடுக்க வழி தெரியவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நிலானியிடம்கூட.

சிவகரன்


கெலுகோர்
21 அக்டோபர் 2024

சிவகரன் அவர்களுக்கு,

கிடைத்தது. தேதியும் கையெழுத்தும் தெளிவாக இருக்கின்றன.

நான் சிரித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். சிரித்திருக்கலாம். அதற்கு நீங்கள் என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம்.

பாடம். நீங்கள் பாதியில் நிறுத்துகிறீர்கள். மட்டை மணலைத் தொட்டதும் பயந்து கையை இழுத்துக்கொள்கிறீர்கள். மணல் நாம் நினைப்பதைவிடக் கனமானது. பத்து மீட்டர் போக வேண்டிய பந்துக்கு முப்பது மீட்டருக்கான வீச்சு தேவை. அடித்த பிறகும் கைகள் போய்க்கொண்டே இருக்க வேண்டும், இடது தோளுக்கு மேலே போய்த்தான் நிற்க வேண்டும். பந்து எங்கே போயிற்று என்று அதற்கு முன் பார்க்காதீர்கள்.

நவம்பரிலும் மழை இருக்கும். ஈர மணலின் குறுணைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், மட்டை உள்ளே போகாமல் தெறிக்கும். பக்கிக்கு நடந்தது அதுதான். ஈரமாக இருந்தால் முகத்தை அவ்வளவு திறக்க வேண்டாம், பாதி போதும். பந்துக்கு ஒரு அங்குலம் பின்னால் அடியுங்கள். வீச்சைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த மட்டும் கூடாது.

இதில் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் அந்தப் பங்கரில் தவறுவதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. ஒரே அடியில் எடுத்துவிட்டு, எல்லோரும் கைதட்ட, நீங்கள் நிமிர்ந்து நிற்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனிக் கேள்வி இல்லை.

தாட்சாயினி


சிம்பாங் அம்பாட்
13 நவம்பர் 2024

அன்புள்ள தாட்சா,

தீபாவளிக்கு நிலானி வந்து இரண்டு நாள் இருந்தாள். நீ கொடுத்தனுப்பிய முறுக்கில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. உனக்குத் தெரியாமல்தான் கொடுத்திருப்பாள்.

பத்தில் எட்டு வெளியே வருகிறது. உலர்ந்த மணலிலும் வருகிறது, ஈர மணலிலும் வருகிறது. மோகனராஜ் பார்த்துவிட்டு, "யாருப்பா உனக்குப் புதுக் கோச்?" என்றார். சொல்லவில்லை.

ஆனால் உன் கடைசிக் கடிதத்திலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் எழுதிக் கொடுத்ததை என்ன செய்யப் போகிறாய்? ஒன்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள். நான் கேப்டன் ஆனதும் ஜனவரியில் அந்தப் பலகையை வார்னிஷ் அடிக்க இறக்கச் சொல்கிறேன். திரும்ப மாட்டும்போது 2009க்கு எதிரே ரோஹானாவின் பெயரோடு உன் பெயரும் இருக்கும், இருவரும் சமமாக வென்றதுபோல. கேட்டால் பழைய பதிவேட்டில் தவறு இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் சங்கடமில்லை. உனக்கு வேண்டியது கிடைத்துவிடும். அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துவிடு.

அன்புடன்,
சிவகரன்


கெலுகோர்
18 நவம்பர் 2024

சிவகரன் அவர்களுக்கு,

பதினைந்து வருடம் கழித்தும் உங்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வார்னிஷ் அடிப்பதற்கும் ரேக் இழுப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் ஜெயித்ததில் பாதியை எனக்கே தருகிறீர்கள், அதுவும் பதிவேட்டின் தயவில்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்கும் அனுமதி உண்டு. வருகிறேன். வராந்தாவின் கடைசி நாற்காலியில் இருப்பேன். கடிதம் என் கைப்பையில் இருக்கும்.

நீங்கள் அடியுங்கள். அடித்த பிறகு ரேக்கைத் தொடாமல் அங்கேயே நின்று, எனக்கு எழுதியதை உங்கள் வாயால் எல்லோருக்கும் சொல்லுங்கள். மைக் மோகனராஜ் கையில் இருக்கும். சொன்னால் கடிதம் என்னோடு வீட்டுக்குத் திரும்பி வரும், வேறு யார் கண்ணிலும் படாது. ரேக்கை எடுத்தால் அது ரோஹானாவிடம் போகும்.

இது மிரட்டல்தான். வேறு பெயர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பாரம் இடது காலில் இருக்கட்டும்.

தாட்சாயினி


சிம்பாங் அம்பாட்
26 நவம்பர் 2024

தாட்சாயினிக்கு,

நீ பாதியில் எழுந்து போய்விட்டாய். மீதியையும் தெரிந்துகொள்.

பந்து குழிக்கு இரண்டு முழத்தில் நின்றதைப் பார்த்திருப்பாய். வராந்தா முழுவதும் கைதட்டியது. சொல்லத்தான் இருந்தேன். நம்ப மாட்டாய், வாயைத் திறந்தேன். அதற்குள் மோகனராஜ் இறங்கி வந்து, "கேப்டன், உங்க கடைசி வேலையும் முடிச்சிருங்க" என்று ரேக்கை நீட்டினார். அந்தக் கிளப்பில் யாரும் என்னைக் கேப்டன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கை தானாக வாங்கிக்கொண்டது. இழுக்கத் தொடங்கிய பிறகுதான் உன்னைப் பார்த்தேன். நீ ரோஹானாவின் மேசையிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தாய்.

ரோஹானா கண்ணாடியை மாட்டிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். மேசையிலிருந்த வெண்ணெய்க் கத்தியை எடுத்து, நாற்காலியில் ஏறி, பலகையில் தன் பெயரைச் சுரண்ட ஆரம்பித்தார். மோகனராஜ் ஓடிப்போய், "அக்கா, என்ன பண்றீங்க, பலகை போயிரும்" என்றார்.

"போவட்டும். பதினஞ்சு வருசமா இதுக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டிருக்கேன். எனக்கே தெரியாம என்னைத் திருடியாக்கி வெச்சிருக்காரு இந்த மனுசன்."

கடைசி எழுத்துவரை சுரண்டிவிட்டுத்தான் இறங்கினார். தங்கத்தூள் அவர் கை முழுவதும். என்னிடம் வந்தார். "சிவா, அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டேன், சொன்னீங்க. இன்னைக்கும் அதையேதான் கேக்கறேன். தொட்டுச்சா?"

நூறு பேர் நின்றார்கள். "தொடல" என்றேன்.

ஏறக்குறைய நாலு மணி நேரம் கேப்டனாக இருந்தேன். சாயங்காலமே ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். கார் சாவியை எடுக்க பாருக்குள் போனபோது, பச்சை வாளியில் என் பெயரின் மீதியை யாரோ எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே அடியில் எடுத்தும்.

இப்போது திருப்திதானே?

சிவகரன்


கெலுகோர்
2 டிசம்பர் 2024

சிவகரன் அவர்களுக்கு,

கேட்டதால் சொல்கிறேன். முழுத் திருப்தி இல்லை.

பந்து மணலிலிருந்து எழுந்தபோது உங்கள் கைகள் தோளுக்கு மேலே போய் முடிந்தன. பாடம் சொன்னவளாக ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன். அதற்காக என்மேல் எனக்கு இன்னும் கோபம். நல்லவேளை, அடுத்த விநாடியே நீங்கள் ரேக்கை வாங்கினீர்கள். வாங்காமல் பேசியிருந்தால், இத்தனை வருடக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீடு திரும்பியிருப்பேன்.

கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். பலகையைச் சரிசெய்து 2009க்கு எதிரே என் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுவதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்று பதில் போட்டேன். கத்தி கீறிய மரம் அப்படியே இருக்கட்டும், அதன்மேல் வார்னிஷோ பெயரோ எதுவும் வேண்டாம். புதிதாகச் சாப்பிட வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் உங்கள் பெயரும் என் பெயரும் வரும். பலகையைவிட அது நீண்ட நாள் இருக்கும். குழு ஒப்புக்கொண்டுவிட்டது.

நிலானிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் என் பக்கத்தைத்தான் சொல்வேன்.

உங்கள் கடிதத்தை ரோஹானா திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை விளையாட வரச் சொல்லியிருக்கிறார். சாண்ட் வெட்ஜில் துரு ஏறியிருக்கிறது, தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பதினெட்டில் என் பந்து அந்தப் பங்கரில் விழுந்தால், அடித்துவிட்டு ரேக்கை நானே எடுப்பேன். அதற்கு முன் ரோஹானாவை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

தாட்சாயினி